கடுக்காயும் 'கெமிக்கல் ஃப்ரீ' சட்டையும்

செங்கம் ரோட்டில் ரமணாசிரமம் பக்கம் இருக்கும் துணிக்கடைகளை எல்லாரும் பார்த்திருப்பீங்க. லினன் குர்தா, தொளதொள பேன்ட், வெளிர் நிறச் சட்டை. டேக்கைத் திருப்பிப் பார்த்தால் 'பேம்பூ ஃபேப்ரிக்', 'பிளான்ட் பேஸ்ட்', சில சமயம் 'கெமிக்கல் ஃப்ரீ'ன்னு எழுதியிருக்கும். கிரிவலத்துக்கு வர்றவங்க, ஆசிரமத்துக்கு வர்ற வெளிநாட்டுக்காரங்க மட்டும் வாங்கறதில்ல. இன்ஸ்டாவில் ரீல்ஸ் பார்த்துவிட்டு நம்ம ஹாஸ்டலிலும் அதே மாதிரி டி-ஷர்ட் ஆர்டர் போடறாங்க.

முதல் இரண்டு வார்த்தைகளை விட்டுடலாம். மூணாவதில்தான் எனக்குப் பிரச்சினை. மரத்திலிருந்தோ மூங்கிலிலிருந்தோ எடுத்து, பட்டு மாதிரி வழுக்குகிற நூலாக்கிய எந்தத் துணியும் 'கெமிக்கல் ஃப்ரீ' இல்லை. இருக்கவே முடியாது. அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை, சரியான கெமிக்கலை சரியான அளவில் போடுவதுதான் நம்ம படிப்பே. ஆனால் அந்த உண்மையை மறைத்துவிட்டு 'நேச்சுரல்'னு ஒரு இலையை லேபிளில் ஒட்டினால், கேட்க வேண்டிய கேள்விகளை யாருமே கேட்காமல் போய்விடுவோம்.

அமெரிக்காவில் இதற்கு வழக்கே நடந்திருக்கிறது. ரேயானை 'மூங்கில்'னு விற்றதற்காக 2013இல் அமேசான், மேசிஸ், சியர்ஸ் உட்பட நான்கு நிறுவனங்கள் மொத்தம் 12.6 லட்சம் டாலர் கட்ட வேண்டியதானது. 2022இல் கோல்ஸ், வால்மார்ட் இரண்டும் சேர்ந்து 55 லட்சம் டாலர். அந்த ஊர் வணிக ஆணையத்தின் வாதம் சிம்பிள்: மூங்கிலை ரசாயனத்தில் கரைத்து மறுபடி நூலாக்கினால் அது ரேயான், மூங்கில் இல்லை. இங்கே நாம இன்னும் டேக்கை நம்பிக்கிட்டு இருக்கோம்.

ஏன் கரைக்கணும்? இதைப் புரிய வைக்க நம்ம ஊரைவிட நல்ல இடம் கிடையாது. கார்த்திகை தீபத்துக்கு மலை உச்சிக்குக் கொண்டு போகும் கொப்பரையில் திரியாகப் போடுவது காடா துணி, ஆயிரம் மீட்டருக்கும் மேல். காடா துணி என்பது சுத்தமான பருத்தி, அதாவது கிட்டத்தட்ட சுத்தமான செல்லுலோஸ். அது நெய்யை உறிஞ்சும், எரியும், கருகும். ஆனால் உருகாது. அதே இடத்தில் ஒரு பாலியஸ்டர் துணியைப் போட்டால் உருகிச் சொட்டியிருக்கும். பாலியஸ்டர் நூல் தயாரிப்பதும் அந்த உருகலை வைத்துத்தான்: உருக்கு, சல்லடை மாதிரி துளைகள் வழியாகத் தள்ளு, குளிர வை, நூல் ரெடி. செல்லுலோஸில் அந்த வேலை நடக்காது. உருகறதுக்கு முன்னாடியே கருகிடும். தண்ணீரிலும் கரையாது. பக்கத்துப் பக்கத்துச் சங்கிலிகள் ஹைட்ரஜன் பிணைப்பால் அவ்வளவு இறுக்கமா கைகோத்துக்கிட்டு இருக்கும். அதனால் மரக்கூழிலிருந்து நூல் எடுக்கணும்னா ஏதாவது ஒரு முரட்டுக் கரைப்பானைத் தேடித்தான் ஆகணும். கரைத்து, துளை வழியாகத் தள்ளி, திரும்பவும் செல்லுலோஸாகவே மீட்டெடுக்கணும். 'மீளுருவாக்கிய செல்லுலோஸ் இழை'ன்னு பாடப்புத்தகம் சொல்வது இதைத்தான்.

பழைய வழி விஸ்கோஸ். 1892இல் கிராஸ், பெவன், பீடில்னு மூணு ஆங்கிலேயர்கள் காப்புரிமை வாங்கியது. மரக்கூழைக் காஸ்டிக் சோடாவில் ஊற வைத்து, கார்பன் டைசல்பைடோடு வினைபுரிய வைத்து, தேன் மாதிரி ஒரு கரைசலாக்கி, கந்தக அமிலத் தொட்டிக்குள் நூலாகப் பாய்ச்சுவார்கள். நம்ம ஆரணியில் யாராவது 'ஆர்ட் சில்க்' என்று சொன்னால் அந்த 'ஆர்ட்' கலை இல்லை, ஆர்ட்டிஃபிஷியல். அந்தப் பெயர் இந்த விஸ்கோஸ் வகை நூல்களுக்கும் ஒட்டிக்கொண்டது.

கார்பன் டைசல்பைடு நரம்பைப் பாதிக்கும், மனநிலையைக் குலைக்கும், இதயத்தையும் விடாது. விஸ்கோஸ் பிறப்பதற்கு முன்னாடியே, 1850களில், பாரிஸில் டெல்பெக் என்ற மருத்துவர் ரப்பர் பட்டறைத் தொழிலாளர்களிடம் இதைப் பார்த்துப் பதிவு செய்துவிட்டார். தெரிந்தேதான் அடுத்த நூறு வருஷம் அதே பொருளை வைத்து உலகம் முழுக்கத் துணி செய்தார்கள்.

தமிழ்நாட்டில் இதற்கு ஒரு பெயர் இருக்கிறது: சிறுமுகை. மேட்டுப்பாளையம் பக்கம், பவானி ஆற்றங்கரையில் இருந்த சவுத் இந்தியா விஸ்கோஸ் ஆலை. நீலகிரியிலிருந்து தைல மரம் இறங்கி வந்தது, ஆலையில் கூழாகி நூலாகியது, கழிவு பவானியில் கலந்தது. கொஞ்ச தூரம் கீழே பவானிசாகர் அணை, அதற்குக் கீழே ஈரோடு மாவட்டத்து வயல்கள். மக்கள் போராடினார்கள், வழக்கு நடந்தது, கடைசியில் ஆலை மூடப்பட்டது. ஆறும் போய் வேலையும் போன கதை அது. ஆலையால் பிழைத்த ஆயிரக்கணக்கான குடும்பங்களை விட்டுவிட்டு இந்தக் கதையைச் சொல்வது நியாயமில்லை. ஆனால் அங்கே விற்றதும் 'மரத்திலிருந்து வந்த நூல்'தான். மரம் இயற்கைதான், யார் இல்லைன்னா? தொட்டியில் என்ன ஊற்றினார்கள், அது எங்கே போனது என்பதுதான் பவானியின் தலையெழுத்தைத் தீர்மானித்தது.

புதிய வழி லியோசெல். டென்செல் என்ற பிராண்டு பெயரில் நிறையப் பேருக்குத் தெரியும். இதில் கார்பன் டைசல்பைடு கிடையாது. என்எம்எம்ஓ என்று சுருக்கமாகச் சொல்லப்படும் என்-மெத்தில்மார்ஃபோலின் என்-ஆக்சைடு என்ற ஒரே கரைப்பான், செல்லுலோஸை எந்த வேதி மாற்றமும் செய்யாமல் அப்படியே கரைத்துவிடும். இந்த மாதிரி அமீன் ஆக்சைடுகளில் செல்லுலோஸ் கரையும் என்று 1939லேயே காப்புரிமை இருந்தது. 1960களின் கடைசியில் ஈஸ்ட்மன் கோடாக்கில் ஜான்சன் என்பவர் என்எம்எம்ஓவைக் கையில் எடுத்தார். 1992இல் கோர்ட்டால்ட்ஸ் நிறுவனம் அமெரிக்காவின் மொபைல் நகரத்தில் முதல் பெரிய ஆலையைத் திறந்தது. இப்போது அந்தத் தொழில் பெரும்பாலும் ஆஸ்திரியாவின் லென்சிங் கையில். நம்ம நாட்டில் பிர்லாவின் கிராசிம் 'எக்செல்' என்ற பெயரில் செய்கிறது.

கரைசலில் செல்லுலோஸ் பத்திலிருந்து பதினான்கு சதவீதம், தண்ணீர் ஏறக்குறைய பத்து சதவீதம், மிச்சமெல்லாம் என்எம்எம்ஓ. சூடு சுமார் 100 டிகிரி. துளைகள் வழியாகக் காற்றில் கொஞ்ச தூரம் இழுத்துத் தண்ணீர்த் தொட்டிக்குள் விட்டால் செல்லுலோஸ் நூலாகப் பிரிந்துவிடும். தண்ணீரில் தங்கிய என்எம்எம்ஓவைச் சுத்திகரித்து, தண்ணீரை ஆவியாக்கி, திரும்பவும் முதல் தொட்டிக்கே அனுப்புவார்கள். 99 சதவீதத்துக்கு மேல் மீட்கிறோம் என்று கம்பெனிகள் சொல்கின்றன. விஸ்கோஸோடு ஒப்பிட்டால் இது நல்ல முன்னேற்றம், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஆனால் விளம்பர வீடியோக்கள் இங்கேயே கட் ஆகிவிடும். எனக்குச் சுவாரசியமான பகுதி இதற்கு அப்புறம்தான்.

செல்லுலோஸைக் கரைக்கும் சக்தி என்எம்எம்ஓவுக்கு எங்கிருந்து வருகிறது? நைட்ரஜனுக்கும் ஆக்ஸிஜனுக்கும் நடுவில் இருக்கும் பிணைப்பிலிருந்து. அந்த ஆக்ஸிஜன் செல்லுலோஸின் ஹைட்ரஜன்களோடு கைகுலுக்கி, சங்கிலிகளைப் பிரித்துவிடும். அதே பிணைப்புதான் இதன் பலவீனமும். சூட்டில் அது உடையும். உடைந்தால் தறிகெட்ட ரேடிக்கல்கள் வரும். இன்னொரு பாதையில் உடைந்தால் இமினியம் அயனி என்ற ஒன்று பிறக்கும், அது பக்கத்திலிருக்கும் என்எம்எம்ஓவையும் உடைக்கும், அதிலிருந்து இன்னும் அயனி, இன்னும் உடைசல். தன் தீக்குத் தானே விறகு தேடிக்கொள்ளும் வினை. மார்ஃபோலின், மெத்தில்மார்ஃபோலின், ஃபார்மால்டிஹைடு எல்லாம் பக்கவிளைவாக வரும். செல்லுலோஸ் சங்கிலிகள் துண்டாகும், நூல் பலம் இழக்கும், கரைசல் பழுப்பாகும். இதெல்லாம் நஷ்டக் கணக்கு. உண்மையான பயம் வேற. சூடு வெளியேறும் வேகத்தைவிடச் சூடு பிறக்கும் வேகம் அதிகமானால், ரியாக்ஷன் இன்ஜினியரிங் பேப்பரில் நாம் படிக்கும் அதே 'தெர்மல் ரன்அவே'. குழாய்க்குள் தேங்கி நிற்கும் ஒரு சின்ன மூலை போதும். அதனால்தான் இந்த ஆலைகளின் குழாய்களில் அழுத்தம் ஏறினால் முதலில் உடைந்து வழிவிடும் ரப்ச்சர் டிஸ்க்குகள் வைக்கிறார்கள். கரைசலில் இரும்பும் செம்பும் தடயம் அளவுக்கு இருந்தால்கூட இந்த உடைசல் இன்னும் குறைந்த வெப்பநிலையிலேயே ஆரம்பிச்சிடும்.

இதைத் தடுக்கத்தான் நிலைப்படுத்தி. ஸ்டெபிலைசர்னு சொன்னா நம்ம வீட்டில் ஃப்ரிட்ஜ் பக்கத்தில் சுவரில் தொங்கும் பெட்டிதான் ஞாபகம் வரும். வேலையும் கிட்டத்தட்ட அதேதான்: இருப்பதே தெரியாது, இல்லைன்னா மெஷின் போச்சு. லியோசெலில் அதிகமாகப் பயன்படும் நிலைப்படுத்தியின் பெயர் புரோப்பைல் காலேட். 1980களின் தொடக்கத்தில் இருந்தே காப்புரிமைகளில் இருக்கிறது. கரைசலில் அதன் பங்கு ஒரு சதவீதத்துக்கும் வெகு கீழே. பென்சீன் வளையத்தில் பக்கத்துப் பக்கத்தில் மூன்று ஹைட்ராக்சில் குழுக்கள் கொண்ட மூலக்கூறு. ரேடிக்கல் வந்து மோதினால் தன் ஹைட்ரஜனைக் கொடுத்து அடக்கிவிடும். உலோக அயனியைக் கவ்விப் பிடித்துக்கொள்ளும். ஃபார்மால்டிஹைடையும் பிடித்துவைக்கும். செல்லுலோஸ் எரியாமல் இருக்கத் தான் எரிந்துபோகும் ஒரு வேலைக்காரன். எண்ணெய் சிக்கு வாடை அடிக்காமல் இருக்க உணவில் போடும் இ310 என்பதும் இதே பொருள்தான். அதனால் 'ஐயோ கெமிக்கல்'னு அலற வேண்டாம்.

வியன்னாவில் போகு பல்கலைக்கழகத்தில் தாமஸ் ரோசெனாவும் அவருடைய குழுவும் இந்தப் பக்கவினைகளை வருஷக்கணக்காக உட்கார்ந்து பிரித்து ஆராய்ந்திருக்கிறார்கள். 2001இல் அவர்கள் எழுதிய நீண்ட ஆய்வுக் கட்டுரை இந்தத் துறையில் எல்லாரும் திரும்பத் திரும்பப் போய்ப் பார்க்கும் ஒன்று. அவர்கள் காட்டியதில் எனக்குப் பிடித்தது: புரோப்பைல் காலேட் தன் வேலையைச் செய்து முடித்ததும் சும்மா குப்பையாவதில்லை, அதில் ஒரு பகுதி எலாஜிக் அமிலமாக மாறுகிறது. அந்த எலாஜிக் அமிலமும் தன் பங்குக்கு நிலைப்படுத்தியாக வேலை செய்கிறது. இரண்டு ஷிப்ட் வேலை. ஆனால் ரேடிக்கல் பாதையை அடக்குகிற அளவுக்கு அந்த இமினியம் அயனிப் பாதையை இதனால் அடக்க முடிவதில்லை. அதற்கு வேறு துணைப் பொருள்களைத் தேடும் ஆராய்ச்சி தொடர்கிறது. 'பர்ஃபெக்ட் பசுமைத் துணி' என்று விளம்பரம் முடித்துவிட்ட இடத்தில், ஆராய்ச்சியாளர்களுக்கு இன்னும் வேலை மிச்சம் இருக்கிறது.

இப்போ கடுக்காய்க்கு வருவோம்.

காலிக் அமிலம், எலாஜிக் அமிலம் இரண்டும் நமக்குப் புதுசு இல்லை. முதலாவதை 1786இல் ஷீலே மரங்களில் பூச்சி கடித்து உண்டாகும் கட்டிகளிலிருந்து பிரித்தார். அந்தக் கட்டிக்குப் பிரெஞ்சில் 'கால்', அதிலிருந்துதான் பெயர். இரண்டாவதுக்குப் பெயர் வைத்த பிராகோனோ என்ற பிரெஞ்சுக்காரர், அதே வார்த்தையின் எழுத்துகளைப் பின்னாலிருந்து முன்னால் திருப்பிப் போட்டு 'எலாக்' என்று ஆக்கிவிட்டார். கெமிஸ்ட்ரியில் இப்படிக் குறும்பு பண்ணவும் ஆள் இருந்திருக்காங்க. நம்ம பக்கம் அந்தக் கட்டிக்குப் பெயர் மாசிக்காய். குழந்தைக்கு உரை மருந்து இழைக்கும்போது பாட்டி எடுக்கிற ஐந்தாறு சாமான்களில் மாசிக்காயும் கடுக்காயும் இருக்கும். இரண்டிலும் இந்த அமிலக் குடும்பம்தான். கடுக்காயில் எடையில் சுமார் 30 சதவீதம் டானின், அதைச் சிதைத்தால் காலிக் அமிலம், எலாஜிக் அமிலம், கெபுலிக் அமிலம் என்று மூன்றும் வரும்.

கலம்காரி போடுகிறவர்கள் துணியை முதலில் கடுக்காயும் பாலும் கலந்த நீரில் நனைத்துக் காய வைப்பார்கள். பிறகு பழைய இரும்பும் வெல்லமும் சேர்த்துப் புளிக்க வைத்த கஷாயத்தைத் தொட்டுக் கோடு போடுவார்கள். பட்ட இடம் கருப்பாகும். இரும்பை டானின் கவ்விப் பிடிக்கிறது, அதுதான் அந்தக் கருப்பு. லியோசெல் தொட்டிக்குள் புரோப்பைல் காலேட் செய்யும் வேலைகளில் ஒன்று இதே கவ்வல்தான். நூற்றாண்டுகளாகத் துணியில் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்த வினை.

இந்தக் கடுக்காய் எங்கே கிடைக்கும்? நம்ம மாவட்டத்திலேயே. ஜவ்வாது மலையில், ஜமுனாமரத்தூர் பக்கம். சாமை, தேன், புளியோடு கடுக்காயும் மலையாளி பழங்குடி மக்கள் சேகரிக்கும் வனப்பொருள். மலையிலிருந்து அது பெரும்பாலும் காயாகவே, மூட்டையாகவே இறங்குகிறது. தோல் பதனிட, நாட்டு மருந்துக் கடைக்கு, கோயில் திருப்பணிக்குச் சுண்ணாம்பு அரைக்க. உலகச் சந்தையில் காலிக் அமிலம் பெரும்பாலும் பெரு நாட்டுத் தாரா காய்களிலிருந்தும், சீனக் கட்டிகளிலிருந்தும் வருகிறது. அதை புரோப்பனாலோடு சேர்த்து எஸ்டராக்கினால் புரோப்பைல் காலேட். நாம ஆர்கானிக் கெமிஸ்ட்ரியில் எழுதிய அதே ஃபிஷர் எஸ்டரிஃபிகேஷன், ஒரு வரி சமன்பாடு.

இதைச் சொன்னதும் 'ஜவ்வாது மலையில் தங்கச் சுரங்கம்' டைப்பில் வாட்ஸ்அப் ஃபார்வர்டு போட்டுவிடாதீங்க. சீனக் கட்டிகளில் டானின் பாதிக்கும் மேல், அதுவும் கிட்டத்தட்ட முழுக்கக் காலிக் அமிலம் தரக்கூடியது. கடுக்காய் டானின் கலவையானது, பிரித்தெடுக்கும் செலவு அதிகம். காலிக் அமிலத்துக்கு விலையில் நேருக்கு நேர் மோதினால் கடுக்காய் தோற்கவே வாய்ப்பு. ஆனால் நிலைப்படுத்தி என்று வரும்போது காலிக் அமிலம் மட்டும்தான் வேண்டும் என்று யார் சொன்னது? எலாஜிக் அமிலமும் வேலை செய்கிறது என்று வியன்னாக்காரர்கள் காட்டிவிட்டார்கள். கெபுலிக் அமிலத்திலும் அதே மூன்று ஹைட்ராக்சில் அமைப்பு இருக்கிறது. முழுக்கப் பிரிக்காமல், சுத்தம் மட்டும் செய்த ஒரு கடுக்காய்ச் சாறு என்எம்எம்ஓவை எவ்வளவு தாங்கிப் பிடிக்கும்? இதை அளந்து பார்ப்பது ஒரு ஃபைனல் இயர் புராஜெக்டுக்குச் சரியான சைஸ். வருஷா வருஷம் நம்ம காலேஜ்களில் வரும் முப்பதாவது 'ஸ்மார்ட் டஸ்ட்பின்'னைவிட நிச்சயம் மேல்.

எனக்கு இதில் கோபம் வருவது இந்த இடத்தில்தான். நாம இரண்டு கோடியில் நிற்கிறோம். ஒரு பக்கம் 'கெமிக்கல்' என்றாலே விஷம், மூலிகை என்றாலே அமிர்தம் என்று நினைக்கிற கூட்டம். கடுக்காயும் கெமிக்கல்தான் என்று சொன்னால் சண்டைக்கு வரும். இன்னொரு பக்கம் நம்ம கிளாஸ். பாட்டி வைத்தியத்தில் இருக்கிற பொருளில் என்ன இன்ஜினியரிங் இருக்கப் போகிறது என்ற அலட்சியம். முதல் கூட்டத்துக்கு லேபிள் ஒட்டினால் போதும், இரண்டாவது கூட்டத்துக்கு பிளேஸ்மென்ட் வந்தால் போதும். நடுவில், மலையிலிருந்து இறங்கும் மூட்டை மூட்டையாகவே போய்க்கொண்டிருக்கிறது, பொருளைச் சேகரித்தவர் கைக்கு மூட்டை விலைதான் போகிறது.

லேபிள் விஷயத்துக்கு வருகிறேன். 'கெமிக்கல் ஃப்ரீ' என்று எழுதும் கடைக்காரரையோ பிராண்டையோ பார்த்து நாம கேட்க வேண்டியது 'இது மூங்கிலா, யூகலிப்டஸா' என்று இல்லை. இது விஸ்கோஸா லியோசெலா? கரைப்பான் எவ்வளவு மீட்கப்படுகிறது? நிலைப்படுத்தியும் அதன் உடைசல்களும் கடைசியில் எங்கே போகின்றன? மூன்றாவது கேள்வியை யாருமே கேட்பதில்லை. மீட்கப்படும் என்எம்எம்ஓவில் புரோப்பைல் காலேட் ஆக்ஸிஜனேற்றம் அடைந்து உண்டான நிறப்பொருள்கள் தங்கிவிடும். அவற்றை அயனிப் பரிமாற்றப் பிசின் வைத்து எடுப்பார்கள். பிசினை மறுபடி தயார்செய்யக் காரமும் அமிலமும் ஊற்றிக் கழுவுவார்கள். அந்தக் கழுவுநீர் 'க்ளோஸ்டு லூப்' என்ற அழகான வட்டப் படத்தில் எங்கேயும் வரைந்திருக்க மாட்டார்கள்.

99 சதவீத மீட்பு என்பதையும் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம், மாஸ் பேலன்ஸ் படித்தவங்கதானே. ஒரு கிலோ நூலுக்குத் தொட்டியில் சுற்றும் என்எம்எம்ஓ சுமார் ஆறு கிலோ. அதில் ஒரு சதவீதம் இழப்பு என்றால் 60 கிராம். வருஷத்துக்கு 50,000 டன் நூல் செய்யும் ஆலையில் அது 3,000 டன். 99.5 சதவீதம் என்றால் 1,500 டன். 99.9 என்றால் 300 டன். புள்ளிக்குப் பின்னாடி வரும் ஒரு இலக்கத்தில் இவ்வளவு வித்தியாசம். இழப்பு எல்லாமே ஆற்றுக்குத்தான் போகும் என்று நான் சொல்லவில்லை. பழக்கப்படுத்திய ஆக்டிவேட்டட் ஸ்லட்ஜ் என்எம்எம்ஓவைச் சிதைக்கும், கொஞ்சம் ஆவியாகும், கொஞ்சம் மார்ஃபோலினாக உடையும். ஆனால் '99 சதவீதத்துக்கு மேல்' என்ற அரை வாக்கியத்தை விளம்பரத்தில் பார்த்துவிட்டுத் திருப்தி அடைய நாம் பி.ஏ. மார்க்கெட்டிங் இல்லையே. சரியான எண் என்ன, யார் அளந்தது என்று கேட்கலாம்.

நல்ல நிலைப்படுத்தி இந்தக் கணக்கையும் மாற்றும். உடையாத என்எம்எம்ஓ திரும்பி வரும். உடைந்தது திரும்பாது. ஆக, ஒரு சதவீதத்துக்கும் கீழே போடும் அந்தப் பொருள்தான் நூலின் பலம், ஆலைத் தொழிலாளியின் பாதுகாப்பு, கழிவுநீரின் சுமை மூன்றையும் பிடித்து வைத்திருக்கிறது. சிறுமுகையில் பவானிக்கு நடந்ததைப் பார்த்த மாநிலம் நாம. நாளைக்கு தமிழ்நாட்டில் ஒரு லியோசெல் ஆலை வந்தால் அதை எதிர்க்க வேண்டும் என்று நான் நினைக்கவில்லை, வரவேற்பேன். ஆனால் அதன் சுற்றுச்சூழல் அறிக்கையில் நிலைப்படுத்தி பற்றி ஒரு பக்கமாவது இருக்கிறதா என்று புரட்டிப் பார்க்கத் தெரிந்த நான்கு பேராவது அந்தக் கருத்துக் கேட்புக் கூட்டத்தில் உட்கார்ந்திருக்கணும். அந்த நான்கு பேர் நம்ம பேட்ச் மாதிரி பேட்சுகளிலிருந்துதான் வரணும்.

சரி, புராஜெக்ட் செய்ய நினைக்கிற ஜூனியர்களுக்கு. முதலில் எச்சரிக்கை. என்எம்எம்ஓ கடையில் பெரும்பாலும் 50 சதவீத நீர்க்கரைசலாகத்தான் கிடைக்கும். செல்லுலோஸ் கரைய அதிலிருந்து தண்ணீரை இறக்கிக் கெட்டியாக்கணும். மேலே சொன்ன ரன்அவே எல்லாம் அங்கேதான் காத்திருக்கு. ஸ்டாஃப் இல்லாமல், ஃப்யூம் ஹுட் இல்லாமல், பெரிய அளவில் தொடவே கூடாது. ஹாஸ்டல் ரூம் இண்டக்ஷன் ஸ்டவ்வில் யூடியூப் பார்த்து முயற்சி பண்ற ஆள் நம்மகிட்ட இருக்காங்கன்னு எனக்குத் தெரியும், அதனால்தான் சொல்றேன்.

அடுத்தது, கடுக்காயை இரும்பு உரலிலோ மிக்ஸியிலோ அரைக்காதீங்க. கல் உரல், மர உலக்கை. கலம்காரியில் கருப்பு தரும் அதே இரும்பு இங்கே எதிரி. ஒரு ஸ்பூன் இரும்புத் துகள் உங்க நிலைப்படுத்தியையே வில்லன் ஆக்கிவிடும்.

கருவிக்கு ஐஐடி போக வேண்டியதில்லை. முதல் வருஷம் கெமிஸ்ட்ரி லேபில் எல்லாரும் கடனேன்னு செய்த இரண்டு பரிசோதனைகள் போதும். ஒன்று, ஃபினாந்த்ரோலின் போட்டு ஆரஞ்சு நிறம் வர வைத்து ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டரில் இரும்பை அளந்தோமே, அது. கடுக்காய்ச் சாறை அப்படியே ஊற்றினால் டானின் இரும்பை விடாது, ரீடிங் தப்பாக வரும். சாம்பலாக்கி, அமிலத்தில் கரைத்துவிட்டு அளக்கணும். இன்னொன்று, பாலிவினைல் ஆல்கஹாலின் மூலக்கூறு எடையைக் கண்டுபிடிக்க ஆஸ்ட்வால்ட் விஸ்காமீட்டரில் ஸ்டாப்வாட்ச் பிடித்து நின்றோமே, அது. செல்லுலோஸைச் செம்பு எத்திலீன்டைஅமீன் கரைசலில் கரைத்து அதே கருவியில் விட்டால் சங்கிலி நீளம் கிடைக்கும். நிலைப்படுத்தி இல்லாமல் சூடாக்கிய செல்லுலோஸ், புரோப்பைல் காலேட்டோடு சூடாக்கியது, கடுக்காய்ச் சாறோடு சூடாக்கியது: மூன்றையும் ஒரே வெப்பநிலையில், ஒரே நேரம் வைத்து, மூன்று ரீடிங். எது குழாயில் மெதுவாக இறங்குகிறதோ, அதில் சங்கிலி குறைவாக உடைந்திருக்கிறது. தமிழ்நாடு அறிவியல் தொழில்நுட்ப மன்றத்தின் மாணவர் புராஜெக்ட் திட்டத்துக்கு விண்ணப்பித்தால் கெமிக்கல் செலவுக்குக் கொஞ்சம் பணமும் கிடைக்கலாம். காய் வாங்க ஜமுனாமரத்தூருக்கு போளூர் வழியா பஸ் இருக்கு.